நடை பழகும் நரம்புகள்

நடப்பது எளிது என்றே நாம் எல்லோரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மணி அடித்ததும் வகுப்பிலிருந்து விடுதி உணவுக்கூடத்துக்கு நடக்கிறோம். நடந்துகொண்டே பேசுகிறோம், சிரிக்கிறோம், தேர்வு நாட்களில் பாடமும் ஒப்பிக்கிறோம். எந்தக் காலை எப்பொழுது எடுத்து வைப்பது என்று எவரும் கணக்கிடுவதில்லை. கணக்கிடத் தொடங்கினால் கால் பின்னிக்கொள்ளும்! இவ்வளவு இயல்பாக நம்மோடு ஒட்டிக்கொண்ட நடையை, மூளைக்குள் ஒரு சிறு இரத்தக் குழாய் அடைபட்டால் போதும், ஒரே பொழுதில் இழந்துவிடுகிறோம். இழந்த நடையை மீட்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. பிசியோதெரபி என்று வழங்கும் இயன்முறை மருத்துவமே அது. கடந்த எண்பது ஆண்டுகளில் அத்துறை நடையைப் பற்றிக் கற்றவற்றுள் சிலவற்றை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

நான் விலங்கியல் மாணவன். மருத்துவம் பயின்றவன் அல்லன். பக்கவாதத்தால் வலப்பக்கம் விழுந்துபோன என் பெரியப்பாவை மூன்று மாத காலம் அரசு மருத்துவமனை ஒன்றின் பிசியோதெரபிப் பகுதிக்கு அழைத்துச் சென்று வந்தேன். அங்கே மர பெஞ்சில் காத்திருந்தபோது எழுந்த ஐயங்களுக்கு விடை தேடிப் படித்தவையே இக்கட்டுரையின் பெரும்பகுதி.

முதலில் நடை என்பது யாது என்று பார்ப்போம். ஒரு குதிகால் தரையைத் தொட்டதிலிருந்து அதே குதிகால் மறுபடி தரையைத் தொடும் வரை ஒரு சுற்று. அச்சுற்றை நூறு பங்காக்கினால் ஏறத்தாழ அறுபது பங்கு நேரம் அந்தக் கால் தரையில் ஊன்றி நிற்கிறது. நாற்பது பங்கு காற்றில் வீசி முன்னே செல்கிறது. இரண்டு கால்களும் ஒருசேரத் தரையில் இருப்பது இருபது பங்கு மட்டுமே. ஆக, நடக்கும் நேரத்தில் பெரும்பகுதியை நாம் ஒற்றைக் காலில்தான் கழிக்கிறோம்! கால் முன்னே வீசும்போது கட்டை விரலுக்கும் தரைக்கும் இடையே உள்ள இடைவெளி ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர்தான். அந்த இடைவெளி சற்றே குறைந்தாலும் தடுக்கி விழுவோம். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் உரிய நொடியில் உரிய அளவு மடங்கினால்தான் அந்த இரண்டு சென்டிமீட்டர் கிடைக்கும்.

பக்கவாதத்தில் இது எப்படிக் கெடுகிறது? மூளையின் இடப்பக்கம் பழுதானால் உடலின் வலப்பக்கம் தளர்கிறது. முதல் சில நாட்கள் கால் துவண்டு கிடக்கும். பின்னர் மெல்ல மெல்ல இறுக்கம் ஏறும். முழங்கால் மடங்க மறுத்து விறைக்கும். பாதம் தூக்க வராமல் தொங்கும். மடங்காத காலை முன்னே கொண்டுபோக வேறு வழியில்லாததால் நோயாளி இடுப்பை உயர்த்திக் காலைப் பக்கவாட்டில் அரைவட்டமாகச் சுழற்றி வைப்பார். அரிவாளை வீசி அறுப்பது போன்ற அந்த நடையை நம் ஊர்த் தெருக்களில் காணாதவர் இருக்க முடியாது.

குறை தெரிவது காலில். ஆனால் கால் பழுதாகவில்லை, தசை பழுதாகவில்லை, எலும்பும் முறியவில்லை. பழுதானது மூளையில், காலுக்குக் கட்டளை புறப்படும் இடத்தில். இந்த ஒன்று விளங்காததால்தான் நம் வீடுகளில் பொன்னான மாதங்கள் வீணாகின்றன. "ஒரு பக்கம் விழுந்துவிட்டது, அசைக்காதே" என்று படுக்க வைப்பார்கள். எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பார்கள், நீவி விடுவார்கள், புறாவின் இரத்தத்தைப் பூசச் சொல்வோரும் உண்டு. எண்ணெய் தேய்ப்பதை நான் இகழவில்லை. இறுகிய தசைக்கு இதமாக இருக்கும். அன்புள்ள கை ஒன்று தொடுவதே நோயாளிக்கு ஆறுதல். ஆனால் தேய்ப்பவரின் கை உழைக்கிறதே அன்றி நோயாளியின் மூளை உழைக்கவில்லை. பெரியப்பாவும் ஒருநாள் கேட்டார்: "நல்லாத் தேய்ச்சு விட்டாச் சரியாயிடும்னு எல்லாரும் சொல்றாங்களேம்மா?" பிசியோதெரபிஸ்ட் அம்மையார் சிரித்துக்கொண்டே, "தேய்க்கட்டும் ஐயா, வேண்டாம்னு சொல்லல. தேய்ச்சு முடிச்சதும் எழுந்து நில்லுங்க. பத்து தடவை. அதை நீங்கதான் செய்யணும்" என்றார்.

மருத்துவ உலகமும் இதை ஒரே நாளில் கண்டுகொண்டுவிடவில்லை. ஒரு காலத்தில் பக்கவாத நோயாளிக்கு அளித்த பயிற்சி பெரும்பாலும் நல்ல பக்கத்துக்கே. இடக்கையில் ஊன்றுகோல் கொடுத்து, விழுந்த காலில் இரும்புக் கட்டு மாட்டி, எப்படியோ நகர வைத்துவிட்டால் போதும் என்ற நிலை. அதை மாற்றியவர்களில் முன்னவர் பெர்டா போபாத். ஜெர்மனியிலிருந்து லண்டனுக்குக் குடியேறிய உடற்பயிற்சி ஆசிரியை அவர். 1943ஆம் ஆண்டில் பக்கவாதமுற்ற ஓர் உருவப்பட ஓவியருக்குப் பயிற்சி அளிக்க நேர்ந்தபோது, உடலை வைக்கும் நிலையை மாற்றினால் இறுகிய தசை தளர்வதைக் கண்டார். விழுந்த பக்கம் செத்த பக்கம் அன்று, அதற்கும் பயிற்சி அளிக்கலாம் என்பது அவர் கண்ட உண்மை. மருத்துவரான கணவர் கேரல் போபாத்துடன் சேர்ந்து அதை ஒரு முறையாகவே வளர்த்தார். அமெரிக்காவில் ஹெர்மன் கபாட் என்ற மருத்துவரும் மார்கரெட் நாட் என்ற பிசியோதெரபிஸ்டும் 1940களில் வேறொரு முறையை அமைத்தார்கள். நோயாளி காலைக் குறுக்காகவும் சுழற்சியாகவும் நீட்டி மடக்க, சிகிச்சையாளர் தம் கையால் எதிர்ப்புக் கொடுப்பார். எதிர்ப்பு தசையைத் தூண்டும் என்பது கருத்து. ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த சிக்னே புருன்ஸ்ட்ராம், பக்கவாதத்திலிருந்து மீளும் வழியை ஆறு படிகளாகப் பகுத்தார்.

இம்முறைகளுக்குள் பெரிய பூசல் ஒன்றும் இருந்தது. பக்கவாதக் காலை அசைக்கச் சொன்னால் முழங்கால், இடுப்பு, பாதம் எல்லாம் சேர்ந்து ஒரே கூட்டாகத்தான் அசையும், தனித்தனியே அசையாது. அந்தக் கூட்டசைவை முதலில் பயன்படுத்திக்கொள், பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்றார் புருன்ஸ்ட்ராம். அதற்கு இடமே கொடுக்காதே, பழகிவிட்டால் நிலைத்துவிடும் என்றனர் போபாத் வழியினர். இதனால் போபாத் முறையில் இறுக்கம் தணியும் வரை, உட்காருவதும் எடையை மாற்றுவதும் சீராகும் வரை, நடக்க அவசரப்படுத்த மாட்டார்கள். தவறான நடை படிந்துவிடுமோ என்ற அச்சம்! அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சரியான நடை வரும் வரை நடக்காமல் காத்திருப்பது, நீச்சல் தெரியும் வரை கிணற்றில் இறங்காமல் இருப்பதைப் போன்றதுதானே?

இக்கேள்வியை ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலிருந்து ஜேனட் கார், ராபர்ட்டா ஷெப்பர்ட் என்ற இருவர் எழுப்பினர். 1982இல் வெளிவந்த அவர்களுடைய நூல் பக்கவாதச் சிகிச்சையின் திசையைத் திருப்பியது. அவர்கள் நோயாளியை நோயாளியாகப் பார்க்கவில்லை, மாணவனாகப் பார்த்தார்கள். இழந்த செயலை மீண்டும் கற்பது கற்றல்தான். ஆகவே கற்றலின் விதிகளே இங்கும் செல்லும். எதைக் கற்க வேண்டுமோ அதையே பழக வேண்டும். நாற்காலியிலிருந்து எழக் கற்க வேண்டுமானால் நாற்காலியிலிருந்தே எழுந்து பழக வேண்டும். நடக்கக் கற்க வேண்டுமானால் நிற்கவும் அடியெடுத்து வைக்கவும் வேண்டும். எங்கே தவறுகிறது என்பதை உடனுக்குடன் சொல்ல ஒருவர் வேண்டும். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நம் வீட்டுக் குழந்தைக்கு நடைவண்டி கொடுத்து முற்றத்தில் விடுகிறோமே, அதுவும் இதே தத்துவம்தான். குழந்தையைப் படுக்க வைத்துக் காலை நீவி யாரும் நடக்கக் கற்பிப்பதில்லை.

இது வெறும் கருத்தாக நின்றுவிடவில்லை. நெதர்லாந்தில் குவாக்கெல் என்பவரும் அவருடைய குழுவினரும் கடுமையான பக்கவாதமுற்ற 101 பேரை மூன்று பிரிவாக்கினர். எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. அதற்கு மேல் ஒரு பிரிவுக்குக் கால் பயிற்சி. ஒரு பிரிவுக்குக் கைப் பயிற்சி. மூன்றாவது பிரிவுக்குக் கையையும் காலையும் காற்றுப் பையால் அசையாமல் கட்டி வைத்தல். நாளொன்றுக்கு 30 நிமிடம், வாரத்தில் 5 நாள், 20 வாரம். 1999இல் வெளியான முடிவு மிகத் தெளிவாக இருந்தது. கால் பயின்றவர்கள் நடையில் முன்னேறினர். கை பயின்றவர்கள் கைத்திறனில் முன்னேறினர்.

விலங்கியல் மாணவர்களுக்கு இதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. மூளையை நீக்கிய தவளையின் தோலில் அமிலம் தோய்ந்த காகிதத்தை ஒட்டினால் அது காலால் தட்டிவிடும் என்ற பழைய சோதனையை நம் துறையின் மூத்த மாணவர்கள் நேரிலேயே கண்டிருப்பார்கள். தண்டுவடம் வெறும் கம்பி அன்று, தானாகவும் சில செயல்களை நடத்தும் என்பதற்கு அது சான்று. தாமஸ் கிரகாம் பிரௌன் என்ற ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் (மலையேற்றத்திலும் பேர் பெற்றவர் இவர்) 1911இல் இதைப் பூனையில் காட்டினார். மூளையின் கட்டளையும் காலின் உணர்ச்சியும் எட்டாதபடி நரம்புகளை வெட்டிய பின்பும் பூனையின் பின்னங்கால்கள் அடியெடுத்து வைக்கும் அசைவைச் செய்தன. நடையின் தாளம் தண்டுவடத்துக்குள்ளேயே இருக்கிறது என்று இதனால் தெரிந்தது. 1987இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பார்போ, ரோசிஞோல் என்ற இருவர் ஒரு படி மேலே சென்றனர். தண்டுவடம் வெட்டப்பட்ட வளர்ந்த பூனைகளை ஓடும் பட்டையின் மேல், அதாவது டிரெட்மில்லின் மேல், நாள்தோறும் தாங்கிப் பிடித்துப் பழக்க, அவை பின்னங்கால்களால் நடக்கத் தொடங்கின. பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் எட்ஜர்டன் குழுவினர் அப்படிப்பட்ட பூனைகளில் சிலவற்றுக்கு நிற்க மட்டும் பயிற்சி அளித்தனர். சிலவற்றுக்கு நடக்கப் பயிற்சி அளித்தனர். நிற்கப் பழகியவை நன்றாக நின்றன. நடக்கச் சொன்னால் தடுமாறின. மூளையோடு தொடர்பற்ற தண்டுவடம் கூடத் தான் பழகியதைத்தான் கற்கிறது!

பூனைக்கு இயன்றது மனிதனுக்கு இயலாதா என்று ஆசை பிறப்பது இயற்கை. 1990களில் பெர்லின் நகர மருத்துவர் ஸ்டெஃபான் ஹெஸ்ஸே போன்றோர் பக்கவாத நோயாளிகளைப் பாராசூட் வார் போன்ற பட்டையால் மேலிருந்து தொங்கவிட்டு, உடல் எடையில் ஒரு பங்கைக் குறைத்து, டிரெட்மில்லில் நடக்க வைத்தனர். விழும் பயமில்லை, நூற்றுக்கணக்கான அடிகள் எடுத்து வைக்கலாம். ஆனால் விழுந்த காலை ஒவ்வோர் அடிக்கும் கையால் எடுத்து வைக்கும் சிகிச்சையாளருக்கு முதுகு ஒடிந்துவிடும். எனவே 2000த்தை ஒட்டிச் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், காலை இயந்திரமே தூக்கி வைக்கும் ரோபோ உருவாயிற்று. உலகெங்கும் அதைப் பற்றிய எதிர்பார்ப்பு வானளாவியது.

பிறகு வந்த பெரிய ஆய்வுகள் அந்த எதிர்பார்ப்பைத் தரைக்கு இறக்கின. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், தண்டுவடத்தில் அரைகுறையாகக் காயமுற்ற 146 பேரில் பாதிப் பேர் தொங்குபட்டை டிரெட்மில்லிலும் மற்றவர் சாதாரணத் தரையிலும் பயிற்சி பெற்றனர். முடிவில் வேறுபாடு இல்லை. 2011இல் பமேலா டங்கன் குழுவினர் அமெரிக்காவில் 408 பக்கவாத நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு இரண்டு மாதத்தில் டிரெட்மில். மற்றொரு பிரிவினருக்கு ஆறு மாதம் கழித்து டிரெட்மில். மூன்றாவது பிரிவினருக்குப் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து அளிக்கும் வலிமைப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும். ஓராண்டு முடிவில் மொத்தம் 52 விழுக்காட்டினர் நடையில் ஒரு நிலை உயர்ந்திருந்தனர். மூன்று பிரிவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை!

பழகியதையே கற்கிறோம் என்று மேலே சொன்னதற்கு இது முரணாகத் தோன்றலாம். நான் அப்படி எண்ணவில்லை. வீட்டில் பயின்றவர்களும் படுத்திருக்கவில்லை. நின்றார்கள், எடையைத் தாங்கினார்கள், நாள்தோறும் நடக்கும்படி ஊக்கப்படுத்தப்பட்டார்கள். 90 நிமிடம் வீதம் 36 தடவை, ஒவ்வொரு தடவையும் சற்றுக் கடினமாக. உழைத்தது நோயாளியே. எந்த மேடையில் நின்று உழைத்தார் என்பது இரண்டாவது கேள்விதான். ரோபோவுக்கும் ஓர் இடம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. முதல் மூன்று மாதத்துக்குள், இன்னும் ஓர் அடியும் எடுக்க முடியாமல் இருக்கும் நோயாளிக்கு, வழக்கமான பயிற்சியோடு இயந்திரத்தையும் சேர்த்தால் பிறர் துணையின்றி நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறுகின்றனர். ஆனால் அந்த இயந்திரம் இல்லாததால் நம் மாவட்ட மருத்துவமனையில் ஒன்றும் செய்ய இயலாது என்பது பொய். இரண்டு இணைக் கம்பிகளும், எதிரே ஓர் ஆளுயரக் கண்ணாடியும், ஒரு முக்காலியும், இரண்டு செங்கல்லும், தெரிந்த ஒருவரும் இருந்தால் பெரும்பகுதி வேலை நடக்கும்.

செங்கல் எதற்கு என்று கேட்பீர்கள். நல்ல காலைச் செங்கல்லின் மேல் வைக்கச் சொன்னால் உடல் எடை விழுந்த காலுக்குப் போயே தீர வேண்டும். அந்தக் கால் ஒரு நொடியாவது தனித்து நிற்கிறது. ஒற்றைக் காலில் நிற்கும் நேரம்தான் நடையின் பெரும்பகுதி என்று முன்பே கண்டோம் அல்லவா? முக்காலியிலிருந்து எழுவதும் அப்படியே. முதலில் உயரமான முக்காலி. கால் வலுக்க வலுக்கத் தாழ்ந்த முக்காலி. இதற்குள் ஒரு பெரிய விஞ்ஞானமே ஒளிந்திருக்கிறது. பார்ப்பவருக்கு ஏதோ தோப்புக்கரணம் போலத் தெரியும்.

குறை எங்கே என்றால் எண்ணிக்கையில். அமெரிக்காவில் கேத்தரின் லாங் என்பவரும் உடன் பணியாற்றியோரும் சிகிச்சைக் கூடங்களில் உட்கார்ந்து நோயாளிகள் எடுத்து வைக்கும் அடிகளை எண்ணினர். ஒரு தடவைப் பயிற்சிக்குச் சராசரி 357 அடி என்று 2009இல் அறிவித்தனர். நாம் விடுதியிலிருந்து வகுப்புக்குப் போய் வருவதற்குள் அதைத் தாண்டிவிடுவோம். விலங்குச் சோதனைகளில் நடை மீண்டது ஆயிரம் ஆயிரமாக அடி வைத்ததால்! வசதி மிக்க நாட்டின் நிலையே இது என்றால், ஒரே பிசியோதெரபிஸ்டை நாற்பது பேர் சூழ்ந்து நிற்கும் கூடத்தில் ஒருவருக்கு எத்தனை அடி கிடைக்கும்? நான் எண்ணிய நாட்களில் பெரியப்பா நூறைத் தாண்டியது அபூர்வம். மீதியை வீட்டுத் திண்ணை ஓரத்தில், சுவரைத் தொட்டபடி, நானும் அண்ணனும் மாறி மாறி உடன் நின்று முடிக்கச் செய்தோம். நிற்க வேண்டியது விழுந்த பக்கத்தில். பிடிக்க வேண்டியது இடுப்பை. கையைப் பிடித்து இழுத்தால் தளர்ந்த தோள் மூட்டு நழுவிவிடும். இதை அந்த அம்மையார் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எண்ணிக்கை முக்கியம் என்றால் முதல் நாளே எழுப்பி ஓட்டிவிடலாமா? கூடாது. ஆஸ்திரேலியாவின் ஜூலி பெர்ன்ஹார்ட் தலைமையில் 5 நாடுகளின் 56 மருத்துவமனைகளில் 2104 பேரிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளியாயிற்று. பக்கவாதம் வந்த 24 மணிக்குள்ளேயே அடிக்கடியும் நீண்ட நேரமும் படுக்கையை விட்டு எழுப்பிய பிரிவில், மூன்று மாதத்தில் நல்ல நிலையை அடைந்தோர் 46 விழுக்காடு. வழக்கமான முறையில் கவனிக்கப்பட்ட பிரிவில் 50 விழுக்காடு. காயமுற்ற மூளைக்கு முதல் நாள் மிகுதி ஒத்துக்கொள்வதில்லை. எழுப்பும் நாளையும் அளவையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சொன்னபின் தயங்கக் கூடாது. டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரில் 804 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 1995இல் கூறியது: நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தாம் அடையக்கூடிய மிகச் சிறந்த நடையை முதல் 11 வாரங்களுக்குள் அடைந்துவிட்டனர். உயிர் பிழைத்தவர்களில் 64 விழுக்காட்டினர் துணையின்றி நடந்தனர். எண்ணெய்க் கிண்ணத்தோடு நம் வீடுகளில் கழியும் வாரங்கள் இந்தப் பதினொன்றில் சேர்ந்தவை என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. அதற்குப் பிறகு கதவு சாத்தப்பட்டுவிடும் என்றும் கொள்ள வேண்டாம். மேலே சொன்ன 2011 ஆய்வில் ஆறு மாதம் கழித்துப் பயிற்சி தொடங்கியவர்களும் ஓராண்டு முடிவில் மற்றவரோடு சமமாகவே நின்றனர்.

பயிற்சியாளர் போதாத நாட்டில் வீட்டாரையே பயிற்சியாளராக்கிவிட்டால் என்ன? நம் நாட்டின் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வீட்டார் ஒருவருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி முறைகளைக் கற்பித்து, பிறகு வீட்டில் தொடரச் செய்தனர். 2017இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் இறந்தோரும் பிறரைச் சார்ந்தே வாழ்வோரும் சேர்ந்து இரு பிரிவிலும் 47 விழுக்காடு. வேறுபாடே இல்லை. இம்முடிவைப் படித்தபோது எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. சுமையையெல்லாம் குடும்பத்தின் தலையில் வைத்துவிட்டு அரசும் மருத்துவமனையும் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பதுதான் இதிலிருந்து நான் கொண்ட பொருள். வீட்டார் அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம். எந்த அடி, எந்த உயரம், இன்று எது, நாளை எது என்று தீர்மானிக்கப் பயின்ற கண் வேண்டும். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு தேடி வரும் பிசியோதெரபியும் சேர்க்கப்பட்டதை இந்த வகையில் நான் பெரிதாகக் கருதுகிறேன்.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது? மருத்துவமனைகளில் மிக எளிய சோதனை ஒன்று உண்டு. 10 மீட்டர் தூரத்தை நடக்க எத்தனை நொடி என்று கடிகாரம் பார்ப்பதே அது. நமக்கு 7 அல்லது 8 நொடி போதும். அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜாக்குலின் பெர்ரி (பிசியோதெரபிஸ்டாகத் தொடங்கி மருத்துவரானவர் இவர்) 1995இல் ஒரு வரையறை தந்தார். நொடிக்கு 0.4 மீட்டருக்குக் குறைந்தால், அதாவது பத்து மீட்டருக்கு 25 நொடிக்கு மேல் ஆனால், நடை வீட்டோடு சரி. 0.8 மீட்டரை எட்டினால், அதாவது பன்னிரண்டரை நொடியில் முடித்தால், வெளியே தடையின்றிச் சென்று வரலாம். பெரியப்பாவுக்கு முதலில் 50 நொடி. மூன்று மாதத்தில் 19 நொடி. தெருமுனை டீக்கடை வரை போக முடிந்தது. பெருஞ்சாலையைக் கடக்கத் துணை வேண்டியிருந்தது. பாதம் தொங்குவதற்கு பிளாஸ்டிக் கட்டு ஒன்று போட்டிருந்தார்கள். குதிகால் எழும்போதெல்லாம் நரம்பில் மின்சாரம் பாய்ச்சிப் பாதத்தைத் தூக்க வைக்கும் கருவியை லிபர்சன் என்பவர் 1961லேயே செய்து காட்டியிருக்கிறார். நம் பக்கத்தில் பிளாஸ்டிக் கட்டே வழக்கம்.

எல்லா நரம்பு நோய்க்கும் இதே வைத்தியம் பொருந்தாது. பார்க்கின்சன் நோயில் கால் தளர்வதில்லை. நடையின் தொடக்கம்தான் கெடுகிறது. வாசற்படி அருகே வந்ததும் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல நின்றுவிடும். வியப்பு என்னவென்றால், அதே மனிதர் மாடிப்படி ஏறச் சொன்னால் ஏறிவிடுவார்! பர்டன் மார்ட்டின் என்ற மருத்துவர் 1967இல் வெளிவந்த தம் நூலில், தரையில் குறுக்கே கோடுகள் போட்டால் இந்நோயாளிகள் அக்கோடுகளைத் தாண்டித் தாண்டி நடப்பதை விளக்கியிருக்கிறார். நெடுக்காகப் போட்ட கோடு அந்த அளவுக்கு உதவவில்லை. உள்ளிருந்து வரவேண்டிய தாளம் வராதபோது வெளியிலிருந்து ஒன்றைக் கொடுத்தால் மூளை வேறு வழியாக அதைப் பிடித்துக்கொள்கிறது. கண்ணுக்குக் கோடு போலவே காதுக்குத் தாளமும் உதவும். சீரான தாளத்தோடு கூடிய இசைக்கு நடந்து பழகினால் மூன்று வாரத்தில் நடையின் வேகம் கூடியதை மைக்கேல் தாவுட் குழுவினர் 1996இல் காட்டினர். நான் போய்வந்த கூடத்தில் ஒரு மூலையில் சுண்ணாம்பால் பத்துக் கோடுகள் போட்டிருந்ததற்குக் காரணம் இதைப் படித்த பிறகுதான் விளங்கிற்று.

தண்டுவடம் முழுதும் அறுந்துபோனவர்களுக்கு? மரத்திலிருந்து விழுந்தவர், வாகன விபத்தில் சிக்கியவர் என்று அந்தக் கூடத்துக்கு இளைஞர்களும் வந்தார்கள். பூனைக்கு நடந்தது மனிதனுக்கு அப்படியே நடப்பதில்லை. நம் நடை மூளையின் கட்டளையைப் பெரிதும் சார்ந்தது. முற்றிலும் அறுபட்ட தண்டுவடத்தைப் பயிற்சியால் மட்டும் நடக்க வைக்க இயலாது என்பதை நோயாளியிடம் மறைக்காமல் சொல்வதும் இத்துறையின் கடமையே. அவர்களுக்குப் பயிற்சி கைக்கும் தோளுக்கும்: படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுதல், புண் வராமல் உடலைத் தூக்கி வைத்தல், மேட்டில் நாற்காலியை உருட்டுதல்.

நம் மாநிலத்தில் இத்துறையை வளர்த்தவரே அப்படிப்பட்ட ஒருவர்தாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயார்க் சென்று புனர்வாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1963இல் வேலூரில் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966இல் அங்கே புனர்வாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பிறரை நடக்க வைக்கும் துறையை நடக்க இயலாத ஒருவர் கட்டி எழுப்பினார். உருளுவதற்கு வழி இருந்தால் நாற்காலியும் ஒரு நடையே என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்?

அந்த வழிக்கும் கணக்கு உண்டு. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வீதம் சாய்தளம் அமைத்தால்தான் நாற்காலியைத் தன் கையால் உருட்டி ஏற முடியும். நம் கல்லூரி நூலகத்துக்குப் படிகள் ஏழு. படிக்கு அரை அடி என்று வைத்துக்கொண்டால் உயரம் மூன்றரை அடி. சாய்தளத்துக்கு 42 அடி நீளம் வேண்டும். கிழக்கே வேப்பமரத்தை ஒட்டி நூலால் அளந்து பார்த்தேன். மரத்தை வெட்டாமலே அவ்வளவு இடம் இருக்கிறது.